பலாப்பழமா, முந்திரிக்கொட்டையா?

கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நலப் பிரிவில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் வந்து அரை நாள் வகுப்பு எடுத்து, “குழந்தைகளைப் போலக் கூடி வேலை செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் டிவி ரிமோட்டுக்காகத் தினமும் முடியைப் பிடித்துக்கொள்கின்றன. குழந்தைகளிடம் கற்க உண்மையில் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அடுத்த மாதம் வரும் எங்கள் விளையாட்டு விழாவுக்கு அது உதவுமா என்று கேட்கிறார்.

இருக்கிறது. அந்த ரிமோட் சண்டைக்குள்ளேயே இருக்கிறது.

நான் 34 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இந்த மாவட்டத்தில் மூன்று பள்ளிகள், கணக்கில்லாத குறுவட்டப் போட்டிகள், காது செவிடாகும்படி ஊதிய விசில்கள். அந்த அனுபவத்தில் முதலில் சொல்கிறேன்: பிள்ளைகள் நல்லவர்கள் என்பதால் கூடி விளையாடுவதில்லை. கோட்டைக் காலால் அழிப்பார்கள். அவுட்டானதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தோற்கிற நேரத்தில் திடீரென்று வயிறு வலிக்கும். ‘அழுகுணி ஆட்டம்’ என்ற சொல்லே அவர்களால்தான் நமக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலை நாலரைக்குத் தொடங்கிய ஆட்டம் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நடக்கிறது. எழுதிவைத்த விதி கிடையாது, நடுவர் கிடையாது, சம்பளம் கிடையாது. இதே பத்துப் பேர் வளர்ந்து ஒரு கோயில் கமிட்டியில் உட்கார்ந்தால் இரண்டாம் கூட்டத்திலேயே இரண்டு கமிட்டி ஆகிவிடுகிறது.

மைதானத்தில் எல்லோருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான்கு பேர் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் ஜெயிக்கும் ஆசைக்கு மேலே, ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் ஒவ்வொருவனுக்கும் இருக்கிறது. எதிரணிக்காரனையும் சேர்த்தே திருப்தியாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம். பாஸ்டன் கல்லூரியின் உளவியலாளர் பீட்டர் கிரே பல ஆண்டுகளாக இதை எழுதிவருகிறார்: விளையாட்டில் முதல் சுதந்திரம் விலகிப்போகும் சுதந்திரம், அது இருப்பதால்தான் பிள்ளைகள் மற்றவன் மனத்தைப் படிக்கக் கற்கிறார்கள் என்கிறார். வேலையில் அந்த உரிமை பெயரளவுக்குத்தான். வீட்டுக் கடன் இருக்கிறது, பிஎஃப் இருக்கிறது. முகம் சுருங்கிப் போனவரும் மறுநாள் எட்டரைக்கு வந்து கைரேகை வைப்பார். வந்துவிடுவார் என்று தெரிவதால் முகம் சுருங்கியதை யாரும் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் எல்லாமே அந்த ஒரு பயத்திலிருந்து பிறந்தவை. அவற்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது உத்தி பிரிப்பது.

இப்போதைய பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. உங்கள் தொழிற்சாலையில் நாற்பதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சடுகுடுவுக்கோ கிட்டிப்புள்ளுக்கோ இரண்டு அணி வேண்டும். தலைவர்கள் இருவர் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழச் சம பலம் உள்ளவர்களாகப் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு, பேச்சு காதில் விழாத தூரம் போவார்கள். அங்கே ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? திரும்பி வந்து, “பலாப்பழம் வேண்டுமா, முந்திரிக்கொட்டை வேண்டுமா?” என்று கேட்பார்கள். முறை வந்த தலைவன் ஒன்றைச் சொல்வான். பலாப்பழம் அவனிடம் போகும், முந்திரிக்கொட்டை மற்றவனிடம் போகும். அடுத்த ஜோடிக்கு அடுத்த தலைவன் சொல்வான். சில ஊர்களில் இதை உத்தி கட்டுவது என்பார்கள்.

இதற்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். யார் யாருக்குச் சமம் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வதில்லை. அந்த இருவரே முடிவு செய்கிறார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆட்டக்காரன் ஒரு சோப்ளாங்கியைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கேயே கூச்சல் எழும். தலைவனுக்குத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாது. சிபாரிசுக்கு வழியில்லை. இன்னொன்றும் உண்டு. அதை நான் கவனிக்கவே பத்து ஆண்டுகள் ஆயின. உயிர் நண்பர்கள் இருவர் ஜோடி சேர்ந்தால் அவர்கள் கட்டாயம் பிரிந்துபோவார்கள். நேற்றுவரை ஒட்டிக்கொண்டு திரிந்தவன் இன்று எதிரணியில் நிற்பான். நாளை மறுபடி பிரிக்கும்போது வேறு மாதிரி அமையும். இதனால் நிரந்தரக் கோஷ்டி ஒன்று மைதானத்தில் உருவாகவே முடிவதில்லை. எந்த அலுவலகத்திலும் கோஷ்டியை உடைக்க இவ்வளவு மலிவான கருவியை நான் பார்த்ததில்லை.

திருட்டும் உண்டு. கேட்கும்போது பலாப்பழத்தின் ஓரக்கண் தலைவனைப் பார்த்து மின்னும். இரண்டு முறை அப்படி மின்னினால் மூன்றாவது முறை, “பெயரை மாற்றிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசாரணைக் குழு எல்லாம் அமைப்பதில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்தது, தலைவர்கள் இருவரை நிறுத்தி, “ஆளுக்கு ஒருவராகக் கூப்பிடுங்கள்” என்பதுதான். வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் யாரோ ஒருவர் கூப்பிடப்படாமல் நிற்பார். ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண், ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு பாடவேளை, அந்தக் கடைசி ஆளாக நின்றாள். என் கண்ணில் படவில்லை. மறு ஆண்டு அவள் விளையாட்டு நேரத்தில் தலைவலி என்று வகுப்பிலேயே உட்காரத் தொடங்கியபோதுதான் பட்டது. உத்தியில் கடைசி ஆள் என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொருவரும் தன்னைப் போன்ற ஒருவரோடு மட்டும் ஒப்பிடப்படுகிறார்கள், அதுவும் பழத்தின் பெயரில். பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்டிருந்த ஒன்றை, படித்துப் பட்டம் வாங்கி வந்து நான் கெடுத்தேன்.

அடுத்தது ஒப்புக்குச் சப்பாணி. சொல் நல்ல சொல் இல்லை. கால் நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல்லைப் பிள்ளைகள் யோசிக்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பதவி அருமையானது. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நான்கு வயதுத் தம்பியை விட்டுவிட்டு விளையாடினால் அவன் அழுவான், அம்மா கூப்பிட்டுவிடுவாள், ஓர் ஆள் குறையும். சேர்த்துக்கொண்டாலோ அவன் பக்கம் தோற்கும். அதனால் அவனை ஆட்டத்துக்குள் விடுவார்கள். கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவன் ஓடலாம், பிடிபடலாம், கத்தலாம், எதற்கும் புள்ளி கிடையாது. தெருக்கோடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவனுக்கு இரண்டு மாதத்தில் விளங்காத விஷயம் நடுவில் ஓடுபவனுக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிடும். ஒருநாள் அவன் உண்மையிலேயே ஒரு நல்ல கேட்சைப் பிடிப்பான். அன்றைக்கு அவனுக்கும் ஒரு ஜோடி கிடைக்கும்.

1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொழில் பழகுவது எப்படி என்று எழுதியபோது லைபீரியாவின் தையற்காரர்களை உதாரணம் காட்டினார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதலில் பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற கடைசி வேலைகள். துணி வெட்டுவது கடைசியாகத்தான் வரும். தவறினால் துணி வீணாகாது, ஆனால் செய்வது விளையாட்டு வேலையும் இல்லை. நம் தெருப்பிள்ளைகளின் ஏற்பாடும் அதே அறிவுதான். இதோடு ஒப்பிட்டால் பெரியவர்கள் புதிய ஆளைச் சேர்க்கும் விதம் இரண்டே வகை: ஒரு மாதம் நாற்காலியில் உட்காரவைத்து விதிமுறைப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வது, அல்லது மறுநாளே முழுப் பொறுப்பையும் தலையில் கட்டி, தவறியதும் அவன் பெயரை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவது.

என் தாய்மாமன் வீடு தேவனாம்பட்டினத்தில் இருந்தது. விடுமுறைக்குப் போனால் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். படகு ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் வளைந்து வலையை இறக்கிக்கொண்டே போய், மறு கயிற்றோடு கொஞ்ச தூரத்தில் கரையேறும். இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். கடைசியில் மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். கயிற்றின் வாலில் நாங்கள் பொடியர்கள் தொங்குவோம். எங்கள் இழுப்பால் ஒரு நெத்திலிகூட அசைந்திருக்காது. ஆனால் யாரும் விரட்டியதில்லை. பங்கு பிரிக்கும்போது எங்களுக்கும் கைப்பிடி மீன் விழும்.

கயிறு இழுப்பதைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. மேக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார், 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் போடும் வலு குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குப் பாதி வலுதான் கயிற்றுக்குப் போயிற்று. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. மற்றொன்று, அடுத்தவன் இழுக்கிறானே என்ற எண்ணம். 1974இல் அமெரிக்காவில் ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் வேறு ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்துச் சோதித்தார்கள். பின்னால் யாரும் இழுக்காதபோதே வலு குறைந்தது. முதல் குறைக்கு மீனவர்கள் எந்த ஆய்வுக்கும் முன்பே அம்பாப் பாட்டு வைத்திருந்தார்கள். பாட்டின் அடி விழும் இடத்தில் எல்லாக் கையும் சேர்ந்து விழும். இரண்டாவது குறைக்கு மருந்து, பக்கத்தில் நிற்பவன் பார்க்கிறான் என்பதுதான். ஐந்து பேர் ஆட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நாற்பது பேருக்கு நகல் போகும் மின்னஞ்சலில் எல்லோரும் ஒளிந்துகொள்ளலாம்.

கைப்பிடி மீனுக்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 2011இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. செய்தவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைக்கேல் டோமசெல்லோவின் குழுவினர். மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் ஒரு பலகை நகர்ந்து வரும்; ஆனால் பரிசு ஒருவன் பக்கம் மூன்று, மற்றவன் பக்கம் ஒன்று என்று விழும். இருவரும் சேர்ந்து இழுத்திருந்தால், மூன்று கிடைத்த பிள்ளை பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்துச் சமமாக்கிவிட்டது. உழைக்காமலே கிடைத்தபோது அவ்வளவு கொடுக்கவில்லை. சிம்பன்சிகளிடம் இந்த வேறுபாடே காணப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தாராள மனம் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் வீட்டு ரிமோட் சண்டையைப் பாருங்கள்: அந்த ரிமோட்டை இருவரும் சேர்ந்து சம்பாதிக்கவில்லை, அது மேலேயிருந்து விழுந்தது. மேலேயிருந்து விழுந்த போனஸ் எங்கும் சண்டையைத்தான் கொண்டுவருகிறது.

பரிசு பற்றி இன்னொரு செய்தி. அதே குழுவில் ஃபெலிக்ஸ் வார்னிக்கன் 2008இல் செய்தது. இருபது மாதக் குழந்தைகள், பெரியவர் கைதவறிப் போட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் பரிசாகக் கொடுத்துப் பழக்கியபின், பரிசை நிறுத்தினால், அந்தக் குழந்தைகள் உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் எதுவுமே பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். மாதத்தின் சிறந்த பணியாளர் என்று படம் போட்டு மாட்டுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி விசில். நான் மைதானத்தில் நின்றவரை பிள்ளைகளின் குழு வேலை என்று எதையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. என்னைக் கண்டதும், “சார், இவன் கோட்டைத் தாண்டினான்”, “சார், அவள் பொய் சொல்கிறாள்” என்று வரிசை கட்டும். தகராறைத் தீர்க்க ஒருவர் நிற்கும்போது அவர்கள் ஏன் தீர்த்துக்கொள்ள வேண்டும்? ஒருநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஓர் அவுட்டைப் பற்றிச் சண்டை. முதலில் சத்தம். பிறகு இருவர் செய்து காட்டினார்கள், பந்து இங்கே, கால் அங்கே என்று. முடிவுக்கு வரவில்லை. “சரி, அந்தப் பந்தை மறுபடி போடு” என்றான் ஒருவன். முடிந்தது. யார் சொன்னது சரி என்ற கேள்வியை அப்படியே தெருவில் விட்டுவிட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போயிருந்தால் பத்து நிமிடத் தீர்ப்பும், ஒரு மாதப் பகையும் கிடைத்திருக்கும்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதிகளைப் பற்றிக் கேட்டு 1932இல் நூலாக்கினார். சின்னப் பிள்ளைகள், விதியைப் பெரியவர்களோ கடவுளோ போட்டது, மாற்றக் கூடாது என்கிறார்கள். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதியில் ஆடிவிட்டு எல்லோரும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். வயது ஏறினால் தலைகீழ்: எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்கிறார்கள், ஒப்புக்கொண்டதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே ஜெயித்துவிட்டு, சரக்கு மட்டும் நேரத்துக்குப் போகாமல் கிடக்கும்போது எனக்கு அந்தச் சின்னப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். நம் தெருக் கிரிக்கெட்டைப் பாருங்கள். மாடிக்கு அடித்தால் அவுட், அடித்தவனே போய் எடுக்க வேண்டும். முதல் பந்து டிரையல், அதில் அவுட் கிடையாது. ஜன்னலுக்குப் பயந்து ஒரு விதி, நாய்க்குப் பயந்து ஒரு விதி. தெரு மாறினால் விதி மாறும்.

பேட் வைத்திருப்பவன் பிரச்சினை தனி. அவன்தான் முதலாளி. அவனுக்கு முதல் பேட்டிங் கொடுப்பார்கள். அதை யாரும் எதிர்ப்பதில்லை. ஆனால் அவுட்டானபின் தர மாட்டேன் என்று பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினால், யாரோ ஒருவன் ஒரு தென்னை மட்டையைச் சீவிக்கொண்டு வருவான். இரண்டு ஓவர் தென்னை மட்டையில் நடப்பதைச் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு முதலாளி தானாகவே வந்துவிடுவான். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, “வேண்டுமானால் என் பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்” என்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சிரிக்காமல் இருப்பது பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

டூ விடுவதும் அப்படித்தான். காலையில் டூ, சாயங்காலம் பழம். நாளைக்கு ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதைத் தவிர இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் இருவர் பதினோரு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. வினாத்தாளைக்கூட மாணவர் மூலமாகத்தான் கொடுத்து அனுப்பிக்கொண்டார்கள். என்ன சண்டை என்று கேட்டால் ஒருவருக்கு மறந்துவிட்டது. மற்றவர் இரண்டு விதமாகச் சொன்னார்.

குழு வேலை கற்பிக்க ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல் என்று கேட்டால் கபடியைச் சொல்ல மாட்டேன், கோ-கோவைச் சொல்வேன். துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுவரிசையில் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்; ஒருத்தி துரத்துவாள். அவள் எடுத்த திசையிலிருந்து திரும்பக் கூடாது, நடுவரிசையைக் குறுக்கே தாண்டவும் கூடாது. ஓடுபவளுக்கோ எந்தத் தடையும் இல்லை. வரிசைக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அந்த நொடியில் துரத்துபவள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு ‘கோ’ கொடுத்துவிட்டு, அவள் எழுந்த இடத்தில் தான் உட்கார்ந்துவிட வேண்டும். என் அணியில் மாவட்ட அளவில் 100 மீட்டர் ஓடிய ஒரு பெண் இருந்தாள். அவள் ஆடிய ஆட்டங்களில்தான் அதிகம் தோற்றோம். தன் காலை நம்பி ‘கோ’ கொடுக்க மாட்டாள். அவளைவிட மெதுவாக ஓடும் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் பட்டுப் பட்டென்று கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எதிரணிக்கு மூச்சு வாங்கியது. பெரியவர்களும் வேலையைக் கொடுக்கிறார்கள்தான். கொடுத்தபின் உட்காராமல் பின்னாலேயே ஓடுகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகக் காட்டும் ஸ்பகெட்டிக் கோபுரப் போட்டியை உங்கள் பயிற்சியாளரும் காட்டியிருக்கக்கூடும். 20 ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு கெஜம் நூல், ஒரு கெஜம் ஒட்டுநாடா, உச்சியில் பஞ்சு போன்ற ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், 18 நிமிடம். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கியது. டாம் வூஜெக் 2010இல் ஒரு பேச்சில் சொல்லிப் பிரபலமாக்கினார். வணிக மேலாண்மை படித்தவர்களைவிட மழலையர் பள்ளிப் பிள்ளைகள் உயரமாகக் கட்டினார்கள் என்பதோடு வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் மிட்டாயை முதலிலேயே வைத்துப் பார்த்து, விழுந்து, மறுபடி கட்டினார்கள். யார் தலைவர் என்று பேசி நேரம் போக்கவில்லை. ஆனால் எல்லோரையும்விட உயரமாகக் கட்டியவர்கள் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும்தான் என்பதையும் வூஜெக் சொல்லியிருக்கிறார். வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவர்தான். பாலர் வகுப்பை வைத்து வெள்ளாற்றுக்குப் பாலம் கட்ட முடியாது.

கற்கக் கூடாததும் நிறைய இருக்கிறது. பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்து அழவைப்பதும் குழு வேலைதான், மிகத் திறமையான குழு வேலை. பெண் பிள்ளைகளைப் பதினொன்று பன்னிரண்டு வயதுக்குமேல் மைதானத்திலிருந்து மெல்ல வெளியேற்றிவிடுவார்கள். எந்தத் தெருப் பையனுக்கு ஜோடி கிடைக்கும், எந்தத் தெருப் பையன் பந்து பொறுக்கிப் போடுவான் என்பதையும் உத்தி தீர்மானிப்பதில்லை. அது வீட்டிலிருந்தே தீர்மானமாகி வந்துவிடுகிறது. ஊர்ப்பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் தனித்தனியாக ஆடும் மைதானங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் விசிலை எடுத்துக்கொண்டு பெரியவர் உள்ளே போகத்தான் வேண்டும். நான் போக வேண்டிய நேரங்களில் எல்லாம் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் விளையாட்டு விழாவுக்கு வருகிறேன். பிரிவு வாரியாக அணி வைக்காதீர்கள். கணக்குப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் இருக்கும் வழக்கை மைதானத்துக்கும் கொண்டுவருவீர்கள். கோப்பை வேண்டாம், வெல்பவருக்குப் பரிசு மிக்சி வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் சுண்டல் போதும். வெள்ளிக் கடற்கரையில் வெயில் தாழ்ந்தபின் நாலரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணலில் ஓடினால் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் வித்தியாசம் குறையும். கோ-கோவோ சடுகுடுவோ எதுவானாலும் சரி, நடுவரை வைக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் கூச்சலாக இருக்கும், விட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒப்புக்குச் சப்பாணிப் பதவி கொடுங்கள், வேறு நல்ல பெயர் வைத்து. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்காதீர்கள்.

அணி பிரிக்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். மேலாளர் வழக்கம்போலத் தலைவராக நிற்கப் பார்ப்பார். விடாதீர்கள். தலைவர்களாக இரண்டு பயிற்சிப் பணியாளர்களை நிறுத்திவிட்டு, ஓட்டத்தில் தனக்குச் சமமான ஒருவரைத் தேடிப் பிடிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். எனக்குத் தோன்றுகிறது, அது வாயிற்காவலராகவோ கேன்டீன் மாஸ்டராகவோ இருக்கும். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கட்டுமரம் கிடக்கும் இடம்வரை போய், பெயர் வைத்துக்கொண்டு வரட்டும். மேலாளர் முந்திரிக்கொட்டை ஆனால், இருட்டும்வரை அவரை முந்திரிக்கொட்டை என்றே கூப்பிடுங்கள்.